ஆட்டத்தை நிறுத்திய அம்மா

ஜோகூர் பாருவின் தம்போய் பகுதியில் மகளின் நடன வகுப்பு வாசலில் நின்றிருந்தேன். உள்ளே சலங்கைக் கால் ஒன்று தரையில் தட்டியது. எனக்கு மறுபடி ஆறு வயதாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பங்குனி வந்தால் ஜோகூர் பாருவில் கோயில் பந்தலில் பத்து நாள் பாட்டும் ஆட்டமும் நடக்கும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அப்பா மட்டும், "கூத்தாடிங்கள பாக்க நான் வரல" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அந்த ஆண்டு முதல் நாள் மாலை, கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். அழுதுகொண்டே மேடையருகில் போய் நின்றேன். மேடையில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்கார அம்மா சட்டென்று நின்று என்னைத் தூக்கிக்கொண்டார்.

"யாரு வீட்டுப் பிள்ளை? பெத்தவங்க வர்ற வரைக்கும் ஆட்டம் கிடையாது!"

மல்லிகையும் வியர்வையும் மணந்த அவர் மடியில் உட்கார்ந்து, சலங்கை மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அழுகை நின்றது.

என்னைத் தேடி வீட்டுக்கு ஓடியிருந்த என் அம்மா, அப்பாவோடு திரும்பி வந்தாள். அப்பா மேடையேறிக் கைகூப்பினார்.

"பிள்ளையப் புடிங்கய்யா, எல்லாரும் காத்திருக்காங்க" என்று அந்த ஆட்டக்கார அம்மா சிரித்தார்.

அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தார். வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கு எத்தன மணிக்கு ஆரம்பிப்பாங்க?"

என் மகளை நடனத்தில் சேர்க்கச் சொன்னவரும் அப்பாதான்.