மடிப்பு சொன்ன பதில்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவனை எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவோம். வயது நாற்பத்தொன்று. கடிகாரம் பார்க்கத் தெரியாது. தனியாகப் பஸ் ஏறமாட்டான். அறிவு வளர்ச்சிக் குறைவு என்று அவனுடைய சர்டிபிகேட்டில் எழுதியிருக்கிறது. ஆனால் அவன் மடித்த அடுக்கின் ஓரம் நூல் பிடித்த மாதிரி நிற்கும். அவனைக் கேலி செய்தவன் எவனாலும் அப்படி ஒரு அடுக்கு வைக்க முடிந்ததில்லை.

அவனுக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அதே கூடத்தில் இஸ்திரி மிஷினில் வேலை செய்கிறாள்.

விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையை ஒப்படைக்க வேண்டும். பதினாறு வருடம் அவனுக்கு எதிரே நின்றது சின்னம்மா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வாயாடி. "ஏன் மாப்ள, முனைய இப்படிக் கோணலா நீட்டினா உனக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்பாள். தினமும் அதே கிண்டல்தான். தினமும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

ஒரு விடுமுறை நாளில் சின்னம்மா நெஞ்சுவலி வந்து போய்விட்டாள். நாங்கள் எல்லோரும் போய் மாலை போட்டோம். அவனை மட்டும் கூட்டிப் போகவில்லை. "தாங்க மாட்டான்" என்றாள் அக்கா. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவனிடம் சொல்லிவைத்தோம். கூடம் முழுக்க ஒரே குரலில் பொய் சொன்னோம். அது சரியா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அவன் காத்திருந்தான். எதிரே புது ஆள் வந்து நின்றால், தன் இரண்டு முனையைப் பிடித்தபடி நகராமல் நிற்பான். சோறு பாதியில் நின்றது. விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிடுவான். நெற்றியைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். நாலாவது வாரம் ஒரு விரிப்பைக் குறுக்கே கிழித்துப் போட்டான்.

மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். "பதினஞ்சு நாள் டைம் தர்றேன். வேலைக்குத் தகுதின்னு டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க. இல்லைன்னா ஏதாவது விடுதியில சேத்துடுங்க."

முதலில் பார்த்த டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பழைய சர்டிபிகேட்டைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் இப்படித்தாம்மா. முரண்டு பண்ணுவாங்க."

"இத்தனை வருஷமா பண்ணலையே டாக்டர்?"

"வயசாகுதில்ல?"

தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். கால் ஒடிந்து போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்பார். அறிவு குறைந்தவனுக்கு மனசும் ஒடியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பதினாலாவது நாள் மனநலப் பிரிவில் ஒரு நர்ஸ் அவனைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்றாள்.

மடிப்பு விறைப்பாக எழுந்து நின்றான். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. "நல்லா இருக்கேன் சார். ஒரு குறையும் இல்ல சார்."

"தூக்கம் வருதா?"

"நல்லா இருக்கேன் சார். ஒரு குறையும் இல்ல சார்."

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் அதே பதில். அக்காவுக்கு மூச்சு வந்தது, சர்டிபிகேட் கிடைத்துவிடும் என்று. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதை இவருக்கு யார் சொல்லிக்குடுத்தா?"

நாங்கள்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால், தேறாத ஆட்களைக் கழிக்கப்போகிறோம் என்று புது நிர்வாகம் வந்தது. எங்கள் தொழிலாளர் சங்கத்தில் அவனை ஒரு வாரம் பழக்கினோம். நான் நாற்காலி போட்டு மேனேஜராக உட்கார்ந்தேன். அதிகாரி எது கேட்டாலும் இதைச் சொல், வேறு வாயே திறக்காதே என்றோம். அவன் வேலை தப்பித்தது, கூடமே கைதட்டியது. எவரிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நர்ஸ் அக்காவிடம் மறைக்காமல் சொன்னாள். "அவர் சொன்னதை அப்படியே எழுதினா, தகுதின்னு எங்க டாக்டர் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவார். வீட்டுல நடக்கிறதை நீங்க சொன்னா லீவு, மருந்து, வாராவாரம் நான் வந்து பாக்கிறதுன்னு மூணு மாசமாவது ஆகும். வேலை இருக்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"வேலை போச்சுன்னா அவன் பகல்ல எங்கம்மா இருப்பான்? விடுதியில பூட்டி வைப்பாங்க."

"தெரியும்க்கா. பெல்ட்ல புதுசா ஓட்டை இருக்கே, யார் போட்டது?"

"நான்தான்."

"எத்தனை?"

"மூணு." சொன்னதும் அக்கா உடைந்துபோனாள். சோறு, தூக்கம், சுவர், சின்னம்மா, எல்லாவற்றையும் கொட்டினாள். சின்னம்மா என்றதும் மடிப்பு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இவர்கிட்ட சொல்லவே இல்லையா?"

"தாங்க மாட்டான்னு..."

"இப்ப தாங்கிட்டா இருக்கார்?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "சின்னம்மா செத்துட்டாங்கடா. மகள் வீட்டுக்குப் போகல. நான் பொய் சொன்னேன்."

"எப்ப?"

"நாப்பது நாளைக்கு மேல ஆச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"ஆமாடா."

"நான் பாக்கல" என்றான். அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை.

லீவுத் தாளை வாங்கிய மேனேஜர், "மூணு மாசம் கழிச்சு இடம் இருந்தா பாக்கலாம்" என்றார். அந்த 'இருந்தா'வை ஏற்க மாட்டோம், இடத்தை அவனுக்கே வைத்திருக்க வேண்டும் என்று சங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறது. இதுவரை பதில் இல்லை. பகலில் முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள் அவனோடு உட்காருகிறோம். அதுவும் எத்தனை நாளைக்கு நடக்கும் என்று தெரியாது.

சுவரில் முட்டுவது குறைந்திருக்கிறது. மூன்றாவது வாரம் வந்த நர்ஸிடம், சின்னம்மாவை எங்கே வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறான். அக்காவிடம் மட்டும் இன்னும் பேச்சில்லை. "கோவப்படட்டும்க்கா, அவருக்கு நியாயமான கோவம்தானே" என்கிறாள் நர்ஸ்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து அக்கா தட்டை நீட்டுகிறாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறான். சாப்பிடுகிறானா என்று வெளியே கதவில் காது வைத்து நிற்கிறாள்.