ஸஹனிலிருந்து எழும்ப முடியாமல் போன பகல்

இதை எழுத நினைத்து, கொப்பியை எடுப்பதும் வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். பிழையாக எழுதிவிடுவேனோ என்ற வெட்கம் ஒன்று. அல்லாஹ் தந்த சோதனையை எழுதினால் அது முறைப்பாடாகிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. இவை இரண்டும் வெளியே சொல்கிற காரணங்கள். உண்மையான காரணம் என் இளைய மகள். நான் வாயைத் திறந்தால் அவளுடைய கலியாணம் இன்னும் தள்ளிப்போகும் என்று பயந்தேன். போன மாதம் அவளே கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க வாப்பா. மறைச்சி நமக்கு என்ன கிடைச்ச?"

எழுதுகிறேன்.

அல்லாஹ்வோடு எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கோபம் மனிதர்களோடு. அந்த மனிதர்களில் நானும் ஒருவன்.

சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில் மூட்டை சுமக்கிற நாட்டாமை வேலை செய்தேன். லொறியிலிருந்து நெல் மூட்டையை முதுகில் வாங்கி உள்ளே கொண்டுபோய் அடுக்க வேண்டும். வெள்ளாமை வெட்டி முடிந்து லொறிகள் வரிசையில் நின்ற ஒரு நாள், மூட்டையை வாங்கும்போது இடுப்பில் ஏதோ நழுவியது. சத்தம் கேட்கவில்லை, இரத்தம் வரவில்லை. அந்த மூட்டையை நான் கீழே போடவுமில்லை. கொண்டுபோய் அடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அன்று தொடங்கிய நோவு இன்னும் போகவில்லை. சாக்குத் தைக்கிற ஊசியை இடுப்பில் ஏற்றி, இடது கால் பெருவிரல் வழியாக நூலை இழுப்பதுபோல இருக்கும். சில நாள் மெதுவாக இழுக்கும். சில நாள் வெடுக்கென்று இழுக்கும். இழுக்காத நாள் இல்லை.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் படம் பிடித்துப் பார்த்து, முள்ளந்தண்டில் தட்டு விலகி நரம்பை நெரிக்கிறது என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது, நிலத்தில் சம்மணம் போட்டு இருக்கக் கூடாது. தந்த மாத்திரை நோவைக் கொஞ்சம் தணித்தது, வயிற்றை எரித்தது. வைத்தியர் நல்ல மனிதர். பாரம் தூக்காவிட்டால் நாட்டாமையின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கை முறிந்தவனுக்குக் கட்டு இருக்கும். ஊர் பார்த்து வழி விடும். எனக்கு வெளியே காட்ட ஒன்றும் இல்லை. பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் கதிரை போட்டுத் தொழத் தொடங்கினேன். சுஜூதில் நெற்றி நிலத்தில் படாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அதை இழந்தவனுக்குத்தான் தெரியும். என் பின்னால் ஒருவர், கதிரைக்காரருக்கு மார்க்கம் லேசாகிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்றே. இன்னும் பலர், பொறுத்துக்கொள், சபுர் செய் என்றார்கள். சபுர் பெரிய சொல்; அதன் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் அடுத்தவனுடைய நோவுக்கு அதை எடுத்துக் கொடுப்பதைப்போல செலவில்லாத தர்மம் வேறில்லை. ஒரு மூட்டை அரிசியோடு வந்து சபுர் சொன்னவர் ஒருவரும் இல்லை.

மனைவியின் தம்பிக்கு எங்கள் ஊரான கல்முனையிலேயே அரிசிக் கடை இருந்தது. மச்சான் என்னைத் தராசடியில் இருத்தினான். நன்றி மறக்கக் கூடாது, ஆகவே இதையும் எழுதுகிறேன். ஆனால் வாடிக்கையாளர் முன்னால், "கதிரையில இருக்கக் கூலி வாங்கிற ஆள் நம்மட மச்சான்தான்" என்று சிரிப்பான். அவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். நாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் தகரக் கொட்டிலில் குடியிருந்தோம். இளையவளுக்கென்று பக்கத்தில் போட்ட அத்திவாரம், எனக்கு உடம்பு இருந்த காலத்தில் ஜன்னல் மட்டத்துக்குச் சுவராகி அங்கேயே நின்றது. பிறகு சீமெந்து விலை ஏறியது, என் இடுப்பு இறங்கியது. சுவரில் பாசி பிடித்தது.

அந்த நேரத்தில்தான் சம்மாந்துறையிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பிள்ளை குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவர், தொழுகையாளி. மகளுக்கும் விருப்பம். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு வந்து பேச்சை முடிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் நாள் மாலை மச்சான் கொட்டிலுக்கு வந்தான்.

"மச்சான், நாளைக்கு உன்ட கதிரையத் தூக்கி உள்ளுக்கு வை. நோவுக்காரன் எண்டு தெரிஞ்சா, இவன் எங்க வீட்ட முடிக்கிற எண்டு யோசிப்பாங்க. கலியாணம் முடியட்டும், பொறகு எவ்வளவும் முனகு."

மனைவி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் முகத்தில் இருந்தது. நான் கதிரையைத் தூக்கி உள்ளே வைத்தேன். அந்தப் பிழையை மச்சானின் தலையில் போட மாட்டேன். தூக்கிய கை என்னுடையது.

மறுநாள் இரண்டு மாத்திரையைச் சேர்த்து விழுங்கினேன். மூத்த மகளின் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து ஸஹன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டில் சோறு. அதைச் சுற்றி ஆறு பேர் சம்மணம் போட்டு இருந்து உண்பது. மாப்பிள்ளையின் வாப்பா, அவருடைய தம்பி, அவர்களோடு வந்த இருவர், மச்சான், நான். விருந்தாளி கையெடுக்கும் முன் வீட்டுக்காரன் எழும்பினால் அது அவமரியாதை. இறைச்சியைப் பிய்த்து விருந்தாளியின் பக்கத்துக்குத் தள்ளிவிடுவதும் வீட்டுக்காரனின் கடமை. ஒவ்வொரு தடவை முன்னால் குனிந்தபோதும் நூல் இழுத்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணத் தொடங்கியவன், பாதிச் சோற்றில் என் ரப்பிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த மனிதர்கள் கெதியாகச் சாப்பிட வேண்டும். அவர்கள் நிதானமாக, ருசித்து, மழையையும் வாய்க்கால் தண்ணீரையும் பேசிச் சாப்பிட்டார்கள்.

கை கழுவி எல்லோரும் எழும்பினார்கள். என் கால் எழும்பவில்லை. மச்சான் உடனே, "மச்சானுக்கு இன்னும் வட்டிலப்பம் வேணுமாம், அதுதான் இரிக்காரு" என்றான். மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளையின் வாப்பா சிரிக்காமல் கையை நீட்டினார். அதைப் பிடித்துப் பாதி எழும்பினேன். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எனக்கே அது ஆட்டின் சத்தம்போல இருந்தது. சரிந்து முழங்கை மிச்சச் சோற்றில் புதைய விழுந்தேன்.

"எவ்வளவு காலமா இது?" என்று அவர் கேட்டார்.

"கால் விறைச்சிப் போச்சி, வேறொண்டுமில்ல" என்றான் மச்சான்.

"நான் உங்களக் கேக்கல்ல."

அவர் என்னையே பார்த்தார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கதவுக்குப் பின்னால் மகள் நிற்கிறாள் என்பது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. "ஓம், கால் விறைச்சிப் போச்சி" என்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனோம். அன்று கதிரை இல்லாமல் தொழுவது என்று முடிவு செய்திருந்தேன். பொய்யைக் காப்பாற்ற, அல்லாஹ்வின் வீட்டில், அவனுக்கு முன்னால். வரிசையில் நின்றேன். பாங்கு சொல்கிற மோதினார், பள்ளிவாசலில் நான் இருந்து தொழுகிற கதிரையைப் பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். தினமும் எனக்காக எடுத்து வைக்கிற மனிதர்.

"என்ன காக்கா, இண்டைக்கி மறந்திட்டீங்களா? நிலத்துல இரிக்க ஏலாதே உங்களுக்கு."

எங்கள் ஊரில் என் நோவை நம்பியவர் அவர் ஒருவர். அந்த இரக்கம்தான் என்னைக் காட்டிக் கொடுத்தது. மாப்பிள்ளையின் வாப்பா கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிப்லாவின் பக்கம் திரும்பித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார்.

இரண்டு நாளில் தரகர் பதில் கொண்டுவந்தார். நோவு ஒரு குற்றமில்லையாம், முடியாத வீட்டையும் அவர்கள் பொறுத்திருப்பார்களாம். ஆனால் இதை மறைத்தவர்கள் வேறு எதை மறைத்திருப்பார்களோ என்று கேட்டார்களாம். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்.

கோபம் அடுத்த கிழமை வந்தது. வீடு கட்ட வக்கில்லாமல், கலியாணத்தைக் குழப்ப நான் வேண்டுமென்றே ஸஹனில் விழுந்து நடித்தேன் என்று கல்முனையில் கதை. சம்மாந்துறையில் நான் நோவை மறைத்தவன், கல்முனையில் இல்லாத நோவைக் காட்டியவன். ஒரே மனிதன், ஒரே இடுப்பு. அந்தக் கதை எந்தக் கடையிலிருந்து புறப்பட்டது என்று விசாரித்துக்கொண்டு போனால், நான் தராசடியில் இருக்கிற கடைக்கே வந்து நின்றது.

சனம் நிறைந்திருந்த நேரம் பார்த்துத்தான் கேட்டேன். "நடிச்சது உண்மைதான் மச்சான். நோவில்லாத மாதிரி நடிச்ச நான். சொல்லித் தந்த நீ."

கடைக்குள் வந்து கத்தாதே என்றான். அன்றோடு தராசடி முடிந்தது. மனைவி இடியப்பம் அவித்துக் கொடுக்க, நான் கதிரையில் இருந்து பெட்டியில் அடுக்கி விற்கிறேன். பசிக்காமல் அல்லாஹ் வைத்திருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கதை என்னோடு நிற்கவில்லை. வருடம் போகப்போக நானும் ஸஹனும் அதிலிருந்து கழன்று விழுந்து, சம்மாந்துறையார் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனார்கள், பெண்ணில் ஏதோ குறை என்பது மட்டும் மிஞ்சியது. என்னைக் கள்ளன் என்று சொல்லுங்கள், தாங்குவேன். கதவுக்குப் பின்னால் நின்றதைத் தவிர ஒன்றுமே செய்யாத பிள்ளையின்மேல் இதைப் போட்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி மார்க்கம் சொல்கிறது. துஆ கேட்கிறேன், இன்னும் வரவில்லை.

இப்போது இன்னோர் இடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். நான் தரகரிடம் முதலில் சொன்னது என் இடுப்பை, இரண்டாவது சொன்னது பாசி பிடித்த சுவரை. அவர் முகம் சுருங்கியது. பரவாயில்லை. அவர்கள் வந்தால் மண்டபத்தின் நடுவில் என் கதிரை இருக்கும். ஸஹனில் அவர்கள் இருக்கட்டும், என் பங்கை ஒரு பீங்கானில் கதிரைக்குத் தரச் சொல்லியிருக்கிறேன். மகளும் அப்படித்தான் வேண்டும் என்கிறாள்.

வாசித்தவர்கள் இதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு என் பொய்யை விட்டுவிட வேண்டாம். ஸஹனில் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று, இரண்டு தரம் பொய் சொன்னேன் என்றே சொல்லுங்கள். கதிரையை உள்ளே தூக்கி வைத்தவன் வாப்பா, பிள்ளை அல்ல என்பதையும் விடாமல் சொல்லுங்கள். இது நான் உங்களிடம் ஒப்படைக்கிற அமானிதம்.