கன்னியப்பனின் முட்டியும் சர்க்கார் சாமான்தான்!

போன வாரம் கன்னியப்பனின் பென்ஷன் அப்பீல் ஜெயித்துவிட்டது. யாரால்? வேறு யாரால்... மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலே ராயபுரத்தில் மூன்று விறகுத் தொட்டிக்கு, அதாவது விறகுக் கடைக்கு, முதலாளியான என்னால்தான்!

கன்னியப்பன் பர்மா சண்டையில் இடது முட்டி சிதறித் திரும்பியவன். முட்டி மட்டுமா? துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் போதும் — பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மேலே கவிழ்ந்து நடுங்குவான். இவனுக்கு யார் வேலை தருவார்கள்? மனைவி அஞ்சலை காசிமேட்டில் மீன் விற்றுத்தான் அடுப்பு எரிகிறது.

அப்படியும் டாக்டர்கள் ‘ஊனமில்லை’ என்று தள்ளிவிட்டார்கள். ஏன்?

அஞ்சலை கன்னியப்பனையும் இழுத்துக்கொண்டு என் தொட்டிக்கு வந்து பொரிந்து தள்ளினாள். “இந்த ஆளு பல்லைக் கடிச்சிகினு நேரா நடந்து போச்சு நைனா! எப்படிக் கீறேன்னு டாக்டர் கேட்டா, சல்யூட் அட்ச்சி ‘நல்லா கீறேன் சார்’னு சொல்லிட்டு வந்துகீது!”

கன்னியப்பன் தலையைத் தொங்கப் போட்டான். “ஆபீசர் முன்னால வலிக்குதுன்னு அழுவறதா? கோழைன்னுவாங்க நைனா.”

அப்பீலுக்கு எழுதிக் கொடுத்த வக்கீல், “கொஞ்சம் அழுது காட்டு” என்றாராம். பட்டாளத்துக்காரனிடம் சொல்கிற பேச்சா அது?

நான் கேட்டேன். “ஏம்பா, சண்டைல சர்க்கார் லாரி உடைஞ்சா ஆபீசர்கிட்ட மறைப்பியா?”

“மறைச்சா தண்டனை நைனா! ஒடனே ரிப்போர்ட் குடுக்கணும்.”

“உன் முட்டி யாரு சண்டைல உடைஞ்சிது? சர்க்கார் சாமான்தான்யா அது. ரிப்போர்ட் குடு!”

“அப்போ... சங்கு ஊதுனா கலங்குற மண்டை?”

“அதுவும் அதே கணக்குதான்.”

அப்பீல் அன்று நானும் அஞ்சலையும் பின்பெஞ்சில். டாக்டர்களுக்கு நடுவில் இருந்த நரைத்த டாக்டர், “எப்படி இருக்கே?” என்று அதே கேள்வியைக் கேட்டார். கன்னியப்பன் விறைப்பாக நின்றான். பிறகு —

“ரிப்போர்ட் சார்! இடது முட்டி மடங்காது. சங்கு ஊதுனா குண்டு விழுதுன்னு நெனச்சுக்குவேன். போன மாசம் அப்படிப் புள்ளைங்க மேல கவுந்து படுத்ததுல சின்னவளுக்குக் கை பிசகிப்போச்சு. எம் புள்ளைங்களுக்கு என்னைப் பார்த்தாலே பயம் சார்.”

குரல் துளியும் நடுங்கவில்லை. பக்கத்தில் அஞ்சலைதான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “உட்காருப்பா.”

“அதான் சார் கஷ்டம். முட்டி மடங்காதே!”

அந்தப் பெரிய மனிதர் சிரித்தார் பாருங்கள்... அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. காலுக்கும் பென்ஷன், மனசுக்கும் பென்ஷன் — இரண்டுக்கும் அங்கேயே தீர்ப்பு!

வெளியே வந்ததும் கன்னியப்பன் அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டான். நடுத்தெருவில், கூட்டத்துக்கு நடுவே, நன்றாக நொண்டி நடந்தான்.

“மெதுவா நட, மவராசா” என்றாள் அவள்.

வலியை மறைக்கிற வீரர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்... ஊர் பார்க்க நொண்டுகிறவனுக்குத்தான் நான் சல்யூட் அடிப்பேன்!