கலைவாணியின் பென்சில்

“சோத்துக்கை வேணாம், அந்தக் கைய குடுங்க. சாப்பிட உக்காரும்போது என் ஞாபகம் வரக்கூடாதில்ல.” எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் கலைவாணி ரப்பர் பட்டையைக் கட்டுவார். பேச்சு முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

கணைய நோய் பரம்பரையாக வருகிறதா என்று ஆராயும் ஒரு குழுவுக்கு ரத்தம் எடுப்பது அவர் வேலை. ஸ்கூட்டியின் முன்னால் ஐஸ் பெட்டி. பையில் குடும்பப் படம் வரையும் தாள்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவருக்குக் கறுப்பு. எல்லாமே பென்சிலில்தான். குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு வரும் பதில் எந்த வீட்டிலும் நிலையாக நின்றதில்லை.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் கிளோத், “ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சி ஒரு கிளாஸ் ஒயின். அது குடியில சேராது மதாம்” என்றார். சமையலறையிலிருந்து மனைவி ஜோசெத்தின் குரல் வந்தது: “வாரத்துக்கு எத்தினி ஞாயித்துக்கிழமன்னு கேளும்மா.” கலைவாணி சிரிக்காமல் அழிரப்பரை எடுத்தார்.

நான்கு வருடத்தில் அவர் வரையாமல் விட்டது ஒரே குடும்பத்தை, தன்னுடையதை. அப்பா கலியபெருமாள் நாற்பத்திரண்டு வயதில் கணையம் கெட்டுச் செத்தார். தெருவுக்குத் தெரு சாராயக்கடை உள்ள ஊரில் அந்த நோய்க்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள். எழவு வீட்டிலேயே, “சரக்கு கொன்னுடுச்சி” என்றார்கள். அவர் ஒரு சொட்டு தொட்டதில்லை என்பது மகளுக்குத் தெரியும். பிள்ளைகளின் ரத்தத்தில் மரபணுக் கோளாறு தெரிந்தால் அப்பாவின் பெயர் துலங்கும். ஆனால் அது தம்பிக்கும் அதே நோய் வரலாம் என்று சொல்லிவிடும். அந்தப் பயத்தில் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

போன மாதத்திலிருந்து தம்பி அரிகிருஷ்ணன் சாப்பிட்டு எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிகிறான். “வெறும் கேஸுதான்க்கா” என்கிறான். மாமியார் வீட்டில் அதற்குள் அவன் வாயை மோந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நேற்றுக் காலை உழவர்கரையில் தம்பியின் வீட்டில் அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்.

“ஊர் ரத்தம் பத்தலன்னு வூட்டு ரத்தத்துக்கு வந்துட்டியாக்கா?”

“வாய மூடிக்கினு கைய நீட்டுடா.”

சோற்றுக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை. குழாயை ஐஸில் வைத்துவிட்டுத் தாளை விரித்தார். தனக்கு ஒரு வட்டம், தம்பிக்கு ஒரு சதுரம். இரண்டும் உள்ளே வெள்ளையாக. மேலே அப்பாவின் சதுரத்தை நிதானமாகக் கறுப்பாக்கினார். அப்பாவுக்கு நேரே குடிப்பழக்கம் என்ற இடம் வந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தம்பியின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, ‘இல்லை’ என்று எழுதினார்.