ஏறுகிற வண்டிக்கு வழி

குரங்கணி ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. "முருகவேல் அண்ணன் போயிட்டாருப்பா. காலையில எந்திரிக்கவே இல்லயாம்." போடியில் என் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டாண்டில் அவரோடு வண்டி ஓட்டிய உங்களுக்கு, விபத்தில் அவர் படுத்த படுக்கையான பிறகு என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

விபத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். எஸ்டேட் ரோட்டில், மழையில், ஏலக்காய் லோடோடு இறங்கியவர் மலை ரோட்டு வழக்கப்படி, எதிரே ஏறி வந்த ஜீப்புக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ரோட்டோரம் சரிந்து வண்டி உருண்டது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கட்டிலில் கிடந்தபடி கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டைக் கற்றுக்கொண்டார். மதுரையில் போய் இறங்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. ஆனால் சீக்கிரமே சலித்துவிட்டது. "என்ன மாப்ளே, வானத்துல ஒரு ஈ காக்கா இல்ல. ஆளில்லாத ரோட்டுல ஓட்டுறதும் ஒரு ஓட்டா?" என்றார்.

செயற்கை நுண்ணறிவில் இயங்கும் விமானங்களை அதில் சேர்த்துக் கொடுத்தேன். அவை தாமே புறப்படும், இறங்கும், கட்டுப்பாட்டு அறையோடு பேசும். அண்ணன் முகத்தில் அப்படியொரு களை. அன்றைக்குப் பிடித்தது சனி. மதுரையை நெருங்குவார். ஓடுபாதை ஓரத்தில் ஒரு விமானம் புறப்படக் காத்து நிற்கும். உடனே மேலே தூக்கிவிடுவார். "ஏறுற வண்டிக்கு வழி விடணும்ல?" அதுவோ, இவர் இறங்கட்டும் என்று நின்றுகொண்டே இருக்கும். இப்படி மாறி மாறி மரியாதை செய்ததில் எரிபொருள் தீர்ந்து, இவர் விமானம் வயலில் விழும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன். "அண்ணே, அங்க எறங்குறவனுக்குத்தான் மொத வழி. அதான் சட்டம்."

அவர் விளையாட்டை நிறுத்தினார். "நம்ம ரோட்டுலயும் அப்படி இருந்திருந்தா, நான் இன்னைக்கு நடந்துக்கிட்டு இருப்பேன்ல?" என்றார். ஏன் வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது. மறுபடி முயன்றார். காத்து நின்ற விமானத்தைப் பார்த்ததும் கை தானாக மேலே தூக்கியது. "தெரியுது மாப்ளே. கை கேக்க மாட்டேங்குது."

மற்ற விமானங்களை எடுத்துவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். கடைசிவரை அவர் மதுரையில் இறங்கவில்லை. இதில் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னால் பொய். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். மலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது, எதிரே ஜீப் ஏறி வந்தால் நிறுத்தி ஒதுங்குகிறேன். ஒதுங்கும்போதெல்லாம் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஜீப்பில் வருகிறவன் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான்.