சாவுக்கு வந்து சேரும் தூரம்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஜாதகத்துக்கு முன்னால் தூரத்தைப் பார்ப்பார்கள். பிறந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தால், எடுப்பதற்குள் பெண் வந்து முகம் பார்த்துவிட வேண்டும். அந்தத் தூரத்துக்குள்தான் பெண் கொடுப்பது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் சரி. திருச்சியும் போனால் போகிறது. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எனக்கு வந்த வரனோ தில்லி. மாப்பிள்ளை அரியலூர்க்காரர்தான். யுத்த காலத்தில் தில்லியில் சர்க்கார் ஆபீஸில் வேலை கிடைத்துப் போனவர். ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்திருந்தேன், பிடித்திருந்தது. ஊரைவிட்டுப் போகவும் கொள்ளை ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பெண் கேட்டு வந்திருந்த மாப்பிள்ளையின் அண்ணன் நன்றாகப் பேசினார்.

“கார்ல போனா ஆயிரத்துச் சொச்சம் மைல், வளைஞ்சு வளைஞ்சு போகணுங்க. ஏரோப்ளேன் நேர்க்கோட்டுல பறக்குது, தூரமே கொறஞ்சிடுது. காலையில தில்லியில ஏறுனா பொழுது சாயறதுக்குள்ள மெட்ராஸ்.”

“ஏரோப்ளேன் அரியலூர்ல நிக்குமா தம்பி?” என்றார் அப்பா.

அண்ணன் சளைக்கவில்லை. மெட்ராஸிலிருந்து ரயில், அரியலூரில் இறங்கினால் பஸ் என்றார்.

“அந்தக் கரி அடுப்புல ஓடற பஸ்ஸா? மேட்டுல நாமதான் எறங்கித் தள்ளணும்.”

தந்தி போய்ச் சேரும் நேரம், ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் அப்பா விரல் மடக்கிக் கூட்டினார். வெயில் காலமாக இருந்தால் அதுவரை வைத்திருக்க முடியாது என்றார். வந்தவர் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் கல்யாணம் அந்த விரல் கணக்கில் முடிந்துபோனது என்றே நினைத்தேன்.

காபி கொண்டுவந்த அம்மா டம்ளரை அப்பா முன்னால் வைத்தாள்.

“ஏங்க, யார் சாவுக்கு இந்தக் கணக்கு? என் சாவுக்குன்னா வேணாம். நேரத்தோட எடுத்துடுங்க. செத்தப்புறம் அவ வந்து பாத்தா எனக்குத் தெரியவா போவுது? உசுரோட இருக்கறப்ப வருசத்துக்கு ஒருக்கா வரட்டும், கண்ணாரப் பாத்துக்கறேன்.”

அப்பா மடக்கிய விரல்களை விரித்துவிட்டு டம்ளரை எடுத்தார். அந்த மாதமே தாம்பூலம் மாற்றினார்கள். நான் பார்த்த உலகமெல்லாம் அம்மா போட்ட பிச்சை. வருஷம் தவறாமல் ஊருக்குப் போய் அவள் பக்கத்தில் படுத்துக் கதை பேசிவிட்டுத்தான் திரும்புவேன்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு சித்திரையில் தந்தி வந்தது. என் வீட்டுக்காரர் அங்கே இங்கே புரட்டி என்னை ஏரோப்ளேனில் ஏற்றிவிட்டார். அப்படியும் நான் போய்ச் சேர்வதற்குள் அம்மாவை எடுத்துவிட்டார்கள்.

வாசலில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நேரத்துக்கு வராத மகளைப் பாட்டாலேயே குத்திக் கிழிப்பது அவர்கள் வழக்கம். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். ஒருத்தியும் ஒரு சொல் குத்தவில்லை. பெரியம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

“ஒன்னைக் குத்திப் பாடக் கூடாதுன்னு, படுக்கையில கிடக்கறப்பவே எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாடி ஒங்கம்மா” என்றாள்.