வெள்ளைத் துணியில் மின்னிய கோடு

ராக்கம்மாளைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் நாக்கில் சூடுதான் போட வேண்டும். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவள் நான், ஆயம்மாள். அவள் புருசன் குருசாமியோடு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். தைத்து வரும் பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டையோ கறையோ இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடுவது எங்கள் வேலை. நாங்கள் புரட்டிப் புரட்டித் தேடுவதை அவள் விரிக்கும்போதே பார்த்துவிடுவாள். படிப்பு இல்லை, சொந்த வீடு இல்லை, பிள்ளையும் இல்லை. கண் ஒன்றுதான் அவளுக்குப் பெருமை. "யக்கா, என் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வண்டியேறாது" என்பாள்.

போன ஆடியில் முழுக்க வெள்ளை ஆர்டர் ஒன்று வந்தது. சூப்பர்வைசர் தீனதயாளன், அவள் ஒதுக்கிய பனியன் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"ஏனுங்க்கா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க. இதுல என்னங்க டேமேஜ்?"

"நீடில் லைன் தம்பி. வளைஞ்சு வளைஞ்சு மின்னுதே, தெரியலையா?"

நானும் வாங்கிப் பார்த்தேன். துணி சுத்தமாக இருந்தது. பனியன் துணி பின்னும் மிஷினில் ஒரு ஊசி கெட்டால் துணியில் கோடு விழும். அதுதான் நீடில் லைன். அது நேராக இறங்குமே தவிர, என்றைக்கு வளைந்து போயிருக்கிறது? அவள் அடுத்த பனியனை விரித்தாள். அதிலும் அதே கோடு என்றாள், இன்னும் பெரிதாகிவிட்டது என்றாள். துணியை மாற்ற மாற்றக் கோடும் கூடவே வந்தது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அப்புறம் அட்டைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டாள். தையல் மிஷின் சத்தம்கூட மண்டைக்குள் இடிக்கிறது என்று அழுதாள்.

தலைவலி அவளுக்குப் புதிதில்லை. பல வருடமாக மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கி மறைத்து வந்திருக்கிறாள். வலி வருவதற்கு முந்தின நாளே கொட்டாவியாக வரும், கழுத்துப் பிடித்துக்கொள்ளும், இனிப்பைத் தேடும். அந்தக் கொட்டாவியைப் பார்த்துத்தான் சோம்பேறிப் பட்டம் கட்டினார்கள். கலர் துணியில் அந்தக் கோடு அவளுக்கு அவ்வளவாகத் தெரிந்ததில்லை. வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிட்டது.

பித்தம் என்றார்கள். கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணாடி போட்டாள், நிற்கவில்லை. அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி கிடக்கச் சொன்னார். பட்டினி கிடந்த அன்றைக்கெல்லாம் வலி பிய்த்து எடுத்தது. பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து நரம்பு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"இது ஒத்தத் தலைவலி, மைக்ரேன். கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார் அவர். கோடு மூளைக்குள் உண்டாகிறதாம். சிலருக்கு வலிக்கு முன்னால் அப்படித் தெரியுமாம். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"எங்கம்மா தலையில துணியக் கட்டிக்கிட்டு இருட்டுக்குள்ள கெடக்கும். பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாக."

வழிவழியாக வருவதும் உண்டு என்றார் டாக்டரம்மா. வேளைக்குச் சாப்பிடாதது, தூக்கம் கெடுவது, கண் கூசும் வெளிச்சம், கறை எடுக்கும் மருந்தின் நெடி, மாதவிலக்கு நாட்கள் என்று ஒவ்வொன்றும் அதைக் கிளப்பிவிடுமாம். சொல்வது சுலபம். ஷிப்மென்ட் சமயத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவள் எங்கே போய்த் தூங்குவாள்? ஆனாலும் ராக்கம்மாளுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணு நல்லாருக்காம்க்கா" என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மறுநாள் தானாகவே போய்த் தீனதயாளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் நம்புவான் என்று நினைத்தாள், பாவம்.

அவனும் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டான். மாத்திரை போடத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னான். மேசையை மாற்றிக் கூசாத இடத்தில் நிற்கவைத்தான். ஆனால் அன்றிலிருந்து அவள் எதை ஒதுக்கினாலும், "ஏனுங்க்கா, இது துணியிலீங்களா, உங்க தலையிலீங்களா?" என்று கேட்டான். மரியாதைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பிறகு கேட்பதையும் விட்டுவிட்டான். அவள் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, விரித்துக்கூடப் பார்க்காமல் பனியனை நல்ல பீஸ்களோடு போட்டான்.

"பாத்துட்டுப் போடு கண்ணு. அவ சொல்றது நெசமா இருந்தா?" என்று நான் சண்டைக்குப் போனேன்.

"வண்டி நிக்குதுங்க்கா. அவுங்களுக்கு ஒடம்பு செரியில்லீங்க. எது நெசம்னு நான் எப்படீங்க கண்டுபுடிக்கறது?"

அவன் மேலும் முழுப் பழியைப் போட முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மாத்திரையிலும் காலைச் சாப்பாட்டிலும் அவளுக்கு வலி குறைந்துவிட்டது. வாந்தி இல்லை. கோடும் எப்போதாவதுதான் வருகிறது. ஆனால் ஒரு பனியனை விரித்தால் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கண்ணை மூடித் திறக்கிறாள். துணியைத் திருப்பிப் போட்டு மறுபடியும் பார்க்கிறாள். மேசையில் அவள்தான் இப்போது எல்லாரையும்விட மெது.

போன வாரம் ஒரு பனியனை என் பக்கம் தள்ளினாள்.

"யக்கா, அக்குளுக்குக் கீழ ஒரு ஓட்டை தெரியுது. இருக்கா?"

ஊசி முனை அளவுதான். எனக்கே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.

"இருக்குது கண்ணு. நல்லாத் தெரியுது."

அவள் ஓட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எனக்காகச் சொல்லாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பனியனை மடித்து நல்ல பீஸ்களோடு வைத்தாள்.